எழுத்துருவின் எடை

ஒரு பக்கத்தைத் திறந்து படிப்பதைத் தவிர வேறு பிரயோஜனம் எதையும் நாம் வேண்டாத ஒரு மென்பொருள், நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுக்குப் பருத்து, பழைய கணிப்பொறிகளின் நினைவகத்தையும் சிறு கைப்பேசிகளின் சேமிப்பிடத்தையும் அடைத்துக்கொள்வது இக்காலத்தில் எவருக்கும் ஆச்சரியம் தருகிற விஷயமாக இல்லை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் இ-சேவை மையத்துக்குச் சென்று பட்டா நகல் பெறுகிற விவசாயிக்கும், மதுரையின் மாசி வீதிகளில் அச்சகம் வைத்துப் பிழைப்பவருக்கும், பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவருக்கும் இன்று பொதுவாகிவிட்ட பி.டி.எஃப். என்னும் ஆவண வடிவத்தைக் காட்டுவதற்கென்றே எழுந்த செயலிகளைப் பற்றித்தான் இங்கே சொல்லுகிறேன். இவற்றின் பருமனைக் குறைக்க விரும்பும் வல்லுநர்கள் ஆராயப் புகும்போது அவர்கள் கண்ணில் முதலில் படுவது, செயலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும் எழுத்துருக்களே. நமக்குத் தெரியாத தேசங்களின் லிபிகளெல்லாம் எதற்கு, அவற்றை எடுத்தெறிந்தால் சுமை குறையுமே என்னும் அபிப்பிராயம் நியாயமானதாகவே தோன்றும். அந்த அபிப்பிராயம் தமிழைப் பொறுத்தவரை எவ்வளவு தவறானது என்பதையும், உண்மையான பாரம் எங்கே இருக்கிறது என்பதையும் ஆதாரத்தோடு காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

அடோபி நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் இவ்வடிவத்தை வெளியிட்டபோது அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் மனத்தில் இருந்த எண்ணம், ஓர் ஊரில் அமைத்த பக்கம் மற்றோர் ஊரில், வேறொரு கணிப்பொறியில், வேறோர் அச்சுப்பொறியில் அணுவளவும் மாறாமல் தோன்றவேண்டும் என்பதே. அக்காலத்து நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட், தொலைபேசிக் கம்பி வழியாகச் செல்லும் தரவின் வேகமோ மிகச் சொற்பம். ஆகவே ஆவணம் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய எழுத்துருக்களையெல்லாம் சுமந்து செல்லுவது அநாவசியம் என்று கருதி, படிக்கும் செயலி எதுவாயினும் அதனிடத்தில் 14 எழுத்துருக்கள் எப்பொழுதும் இருக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர் ஆகிய மூன்று குடும்பங்களில் நந்நான்கு, குறிகளுக்கு ஒன்று, அலங்காரச் சின்னங்களுக்கு ஒன்று என அமைந்த அந்தப் பதினான்கில் தமிழுக்கோ பாரதத்தின் வேறெந்த லிபிக்கோ இடம் இல்லை. பதினான்குக்குப் புறம்பான எழுத்துரு ஒன்றை ஆவணம் பெயர் சொல்லிக் கேட்டு, அது கணிப்பொறியில் இல்லாவிட்டால், இல்லாத எழுத்துருவின் அகலத்தையும் தடிமனையும் அனுசரித்து அதுபோலவே தோன்றுகிற ரோமன் எழுத்துகளை அப்போதைக்கப்போது உண்டாக்கிக்கொள்ளும் சாமர்த்தியமான யுக்தி ஒன்றையும் அடோபி செயலியில் வைத்திருந்தார்கள். ரோமன் லிபியில் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். நமக்கோ அதுவே விபரீதமாக முடிந்தது.

காரணத்தை அறிய வேண்டுமானால் தொண்ணூறுகளில் நம் அச்சகங்களில் நிகழ்ந்த மாறுதலை நினைவுகூர வேண்டும். ஈயத்தில் வார்த்த அச்செழுத்துகளைக் கோத்துப் பக்கம் கட்டிய தொழிலாளிகளின் இடத்தில் டி.டி.பி. என்னும் கணிப்பொறி அச்சுக்கோப்பு வந்தபோது, மதுரையின் ஆவணி மூல வீதிகளிலும் புதுமண்டபத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், எழுத்தாணிக்காரத் தெரு என்று இன்றும் பெயர் வழங்குகிற அந்தச் சுற்றுவட்டாரத்திலும், கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் திருவிழா அழைப்பிதழ் வரை யாவும் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் அமைக்கப்படலாயின. அதற்குத் தமிழ் தெரியாது. ஆகவே நம்மவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய இடங்களில் தமிழ் வரிவடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களை உண்டாக்கினார்கள். இலங்கைத் தமிழரிடையேயும் தமிழ்நாட்டிலும் பரவிய பாமினி அவ்வகையைச் சேர்ந்தது. பாமினியில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிகிற சொல், கணிப்பொறியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கிறது. எழுத்துரு உடனிருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு விலகிய கணத்தில் அது எந்தப் பாஷையிலும் பொருளற்ற ஓர் எழுத்துக் கூட்டம்.

இத்தகைய ஆவணத்தில் எழுத்துருவைப் பொதிந்து அனுப்பாமல் விட்டால் நிகழ்வது என்ன? பெறுபவரின் செயலி பாமினியைத் தேடுகிறது, காணவில்லை, மேலே சொன்ன யுக்தியைப் பிரயோகித்து அழகான ரோமன் எழுத்துகளில் அந்தப் பொருளற்ற கூட்டத்தைப் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் காட்டுகிறது. பிழை நேர்ந்தது என்று ஓர் எச்சரிக்கைகூட இராது. மலைபோன்ற மென்பொருளைச் சுமந்தும் ஒரு தமிழ்ப் பக்கம் வாசிக்க முடியாமற் போன அந்த நிலைமைக்கு, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னதைக் காட்டிலும் பொருத்தமான வாசகம் எனக்குத் தோன்றவில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். எழுத்துரு ஆவணத்திலும் பொதியப்படலாம், செயலியிலும் சேர்த்துக் கட்டப்படலாம். முதல் வகையில் பெரும்பாலும் முழு எழுத்துருவையும் வைப்பதில்லை. அந்த ஆவணத்தில் வந்துள்ள வரிவடிவங்களை மட்டும் கிள்ளி எடுத்து வைப்பதே வழக்கம். ஆதலால் ஒரு பக்க அழைப்பிதழுக்கு எழுத்துருவால் கூடுகிற எடை பெரும்பாலும் சில கிலோபைட்டுகளுக்கு மேல் போவதில்லை. நீண்டகாலப் பாதுகாப்புக்கென்று 2005-இல் சர்வதேசத் தரநிலை அமைப்பு வகுத்த பி.டி.எஃப்./ஏ என்னும் விதி, காட்டப்படும் எழுத்துருக்கள் அனைத்தும் ஆவணத்தின் உள்ளேயே இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை செய்ததற்குக் காரணம், செயலியையும் அதை விற்கிற நிறுவனத்தையும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம்பியிருக்க இயலாது என்பதே. அந்த நிபந்தனையால் அதிகம் லாபம் அடைந்தவை நம்முடையதைப் போன்ற லிபிகள்தாம்.

மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு பெருமுயற்சியின் சரித்திரமும் இதையே போதிக்கிறது. சங்கம் வளர்த்த நகரத்தின் ஞாபகமாக மதுரைத் திட்டம் என்று பெயரிட்டு, 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும், பல தேசங்களில் சிதறியிருந்த தமிழன்பர்களும் சேர்ந்து, பழந்தமிழ் நூல்களை ஊதியம் எதுவும் இன்றித் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அந்நூல்கள் கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலை என்னும் எழுத்துருவை நம்பி இருந்தன. அதுவும் ஆங்கில எழுத்துகளின் ஸ்தானத்தில் தமிழை வைத்த எழுத்துருவே. பின்னர் 1999 முதற்கொண்டு, ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து வாழ இடந்தந்த தகுதரம் என்னும் எட்டு-பிட் குறியாக்கத்துக்கு நூல்கள் மாறின. அதன் பின், உலகத்து லிபிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமாகிய யூனிகோடுக்கு மாறின. செய்த வேலையையே மீண்டும் மீண்டும் செய்யும்படி நேர்ந்த அந்தத் தொண்டர்களின் பொறுமைக்கு நாம் பட்டிருக்கிற கடன் பெரிது. ஒவ்வொரு மாற்றத்திலும் அவர்கள் எழுத்துருவைச் சார்ந்த தமிழிலிருந்து எழுத்துருவைச் சாராத தமிழை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்கள். மயிலையில் இருந்த நூலுக்கு மயிலை இல்லாமல் ஜீவன் இல்லை. யூனிகோடில் இருக்கும் நூலுக்கு ஏதேனும் ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் போதும்; அது எதுவென்ற கேள்வி எழவில்லை.

ஆனால் அந்த ஏதேனும் ஒன்று எங்கேயாவது இருந்தாக வேண்டும் அல்லவா? விண்டோஸ் 2000-இல்தான் லதா என்னும் தமிழ் எழுத்துரு மைக்ரோசாஃப்டின் இயக்குதளத்தோடு முதன்முதலாக வந்தது. அடுத்து வந்த எக்ஸ்.பி.யிலும் தமிழ் முதலிய லிபிகளைச் சரிவரக் கோத்துக் காட்டும் பகுதி தானாக நிறுவப்படவில்லை. வேண்டுபவர் ஓர் அமைப்புப் பலகையைத் திறந்து, பெட்டியில் குறியிட்டு, குறுந்தகட்டை உள்ளே வைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கோடிக்கணக்கானோர் எழுதுகிற லிபியை விருப்பமுள்ளவர் சேர்த்துக்கொள்ளும் உபரியாகப் பாவித்த அந்த மனப்பான்மைக்கு இடநெருக்கடி ஒன்றே சமாதானமாக இருக்கக்கூடுமாயின், கணக்கைப் போட்டுப் பார்ப்பதே முறை.

தமிழ் எழுத்துரு ஒன்றின் எடை, வரைந்தவரின் வேலைப்பாட்டைப் பொறுத்து, சில பத்துக் கிலோபைட்டிலிருந்து ஓரிரு நூறு கிலோபைட் வரை இருக்கும். 247 எழுத்துகள் என்று இலக்கணம் கணக்கிட்டாலும், உயிர்மெய்களில் பல, மெய்யின் வடிவத்தையும் துணைக்குறிகளையும் பக்கத்தில் வைத்து ஆவனவாதலால், வரைய வேண்டிய தனி வடிவங்கள் அதைவிடக் குறைவு. சீன, ஜப்பானிய, கொரிய லிபிகளுக்கான எழுத்துருக்களோ பல்லாயிரம் வடிவங்களைக் கொண்டவை. பல மெகாபைட் கனப்பவை. ஆகவே எழுத்துருக்களால் செயலி பருத்தது என்று சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கிழக்காசிய எழுத்துருக்களைக் கண்டே அவ்வாறு சொல்லுகிறார்கள். தண்டனை மட்டும் எல்லா லிபிகளுக்கும் சமமாக விதிக்கப்படுகிறது. யூனிகோடில் தமிழ் வீங்கிவிடுகிறது என்ற குறையும் உண்டு. அது முழுவதும் பொய்யன்று. "மதுரை" என்ற சொல், பரவலாக வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் 15 பைட் பிடிக்கிறது. தகுதரத்தில் 4 பைட்டே போதும். இருந்தாலும் திருக்குறள் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்: 1330 குறள், குறளுக்கு ஏழு சீர், மொத்தம் 9310 சீர்கள், சீர் ஒன்றுக்குச் சராசரி இருபது பைட் என்று வைத்தாலும் சுமார் இருநூறு கிலோபைட்டுக்குள் நூல் அடங்கிவிடுகிறது. அதே நூலைப் பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுத்து ஆவணமாக்கினால் அது பல மெகாபைட் ஆகிறது. அவ்வளவு எடைக்குப் பிறகும் அதில் ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை, எல்லாம் சித்திரமே.

எழுத்தின் பருமனுக்கும் இடத்தின் நெருக்கடிக்கும் நடுவே தமிழ் அச்சுக்கலை அகப்பட்டுக்கொள்வது இது முதல் தடவை அன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் உபயோகத்துக்கு வந்தன. அவை அளவுக்கு மிஞ்சிப் பெரியனவாக இருந்தன. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டிய காகிதமோ அரிதாக இருந்தது. அவர்கள் எழுத்தைக் கைவிட்டார்களா? இல்லை; தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அருகிலிருந்த பொறையாற்றில் காகித ஆலை ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தார்கள். பின்னொரு காலத்தில் சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹன்ட், தமிழ் அச்செழுத்துகளை மேலும் சிறிதாகவும் தெளிவாகவும் அமைக்கும் வேலையில் ஈடுபட்டார்; 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் அவ்வச்சகத்திலிருந்தே ஒரே வால்யூமாக வெளிவந்தது. மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய தமிழ்ச் சங்கமும் நூலகம், அச்சுக்கூடம், "செந்தமிழ்" பத்திரிகை என்று வரிசையாக அமைத்துக்கொண்டபோது, அவ்வாறு சீர்ப்பட்டுவந்த அச்செழுத்துகளின் பயனையே அநுபவித்தது. சிக்கனம் என்றால் வடிவத்தைச் செதுக்கிச் சிறிதாக்குவது என்றே அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். லிபியை விலக்குவது என்று எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் மெய்யான பாரம் எது? நிக்லாஸ் விர்த் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1995-இல் மெலிந்த மென்பொருளுக்காக வாதாடிய ஒரு கட்டுரையில், பொறிகள் வேகம் பெறுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள்கள் மந்தமடைகின்றன என்பதை எடுத்துக்காட்டி, ஒரு காலத்தில் எண்ணாயிரம் பைட்டில் அடங்கிய உரைதிருத்திச் செயலிகள் நூறு மடங்கு பருத்ததைக் குறிப்பிட்டு, வேண்டுபவர் சிலரே ஆயினும் எல்லாருடைய தலையிலும் எல்லா வசதிகளையும் கட்டும் வியாபார வழக்கத்தைக் காரணமாகச் சொன்னார். ஆவணம் பார்க்கும் செயலிகளின் வளர்ச்சி அவர் வாக்குக்குச் சாட்சி. பக்கத்தைக் காட்டுவதற்கென்று பிறந்த அடோபியின் செயலியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் பொறி வந்து சேர்ந்தது. 2005-இல் முப்பரிமாண உருவங்களைச் சுழற்றிக் காட்டும் வசதி வந்தது. 2008-இல் ஃபிளாஷ் என்னும் அசைபட இயந்திரமே உள்ளே குடியேறியது. அந்த ஃபிளாஷை அதே நிறுவனம் 2020 இறுதியில் கைவிட்டது. பிறகு மேகச் சேமிப்பும், கையொப்பச் சேவையும், அண்மையில் செயற்கை அறிவு உதவியாளரும் வந்தன. இவற்றில் பல, ஆபத்துக்கும் வாசல் திறந்தன; ஆவணத்துக்குள் ஒளிந்து வந்த தீய நிரல்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே பலமுறை இடம் கிடைத்தது. பட்டா நகலைப் பார்க்க வந்தவருக்கு இவற்றுள் எது தேவை? அவருக்கு அவசியமான தமிழ் எழுத்துரு இத்தனை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கைப்பிடி அளவுகூட ஆகாது.

இதைக் கண்டு சலித்தவர்கள் சிறிய செயலிகளை ஆக்கினார்கள். 1995-இல் தோன்றிய எக்ஸ்பிடிஎஃப், 2006-இல் வெளிவந்த சுமத்ராபிடிஎஃப் ஆகியவை அவ்வகையின. சுமத்ராவின் உள்ளே பக்கத்தை வரைகிற வேலையைச் செய்வது, ஆர்ட்டிஃபெக்ஸ் நிறுவனத்தின் மியூபிடிஎஃப் என்னும் இயந்திரம். மியூபிடிஎஃபை ஆக்கியவர்கள் எல்லா லிபிகளுக்கும் உதவும்படி, கூகுள் உண்டாக்கி இலவசமாக வழங்குகிற நோட்டோ எழுத்துருக்களையும், கிழக்காசிய லிபிகளுக்கான எழுத்துருவையும் தம் இயந்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய உதாரகுணத்தைப் பாராட்டுகிறேன். கூடவே, அளவைக் குறைக்க விரும்புகிறவர் அவற்றை நீக்கிக்கொள்ள வசதியாகச் சில விசைகளையும் அமைத்திருக்கிறார்கள். அவ்விசைகளுக்கு டோஃபு என்று பெயர். எழுத்துரு இல்லாதபோது திரையில் தோன்றுகிற வெற்றுக் கட்டங்களைக் கணிப்பொறியாளர் அப்படித்தான் அழைப்பது வழக்கம். கிழக்காசிய எழுத்துருவை மட்டும் நீக்க ஒரு விசை, பண்டை லிபிகளை நீக்க ஒரு விசை, உணர்ச்சிச் சித்திரங்களை நீக்க ஒரு விசை என்று தனித்தனியே உள்ளன. ஆனால் தமிழும் வங்காளமும் தெலுங்கும் அராபியும் ஒரே விசையில் சேர்ந்து போகின்றன. அந்த ஒரு வரியை எழுதி அளவைக் குறைத்துக்கொள்ளுகிறவர் தமிழ் மீது துவேஷம் கொண்டவர் அல்லர். தமிழைப் பற்றி அந்தக் கணத்தில் அவர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ஆவணத்திலேயே எழுத்துரு பொதிந்திருக்கையில் செயலியில் அது எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அச்சாகி முடிந்த பக்கத்தைப் பார்ப்பதற்கு மாத்திரம் எனில் தேவையில்லைதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களில் ஒருவர் தம் பெயரையும் கிராமத்தையும் தமிழில் நிரப்பும்போது, அவர் எழுதப்போகிற எழுத்துகளை ஆவணம் முன்கூட்டியே பொதிந்து வைத்திருக்க முடியாது. பக்க ஓரத்தில் குறிப்பு எழுதும்போதும் அப்படியே. மின்னூல் வடிவங்களில் வரும் நூல்களுக்கு எழுத்துரு பெரும்பாலும் செயலியிலிருந்தே வருகிறது. எழுத்துரு மட்டும் இருந்தாலும் போதாது. "கொ" என்னும் எழுத்தில் துணைக்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும், "கை" என்பதில் முன்னே செல்ல வேண்டும் என்ற முறைகளை அறிந்து கோக்கும் பகுதியும் உடனிருக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தாலும் முன்சொன்ன அசைபட இயந்திரத்தின் எடைக்கு வராது.

இனி, தமிழ் வாசகர்கள் அதிகம் கவனியாத ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். ஆவணம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும், உள்ளே எழுத்து வரிசை கெட்டிருப்பது உண்டு. பி.டி.எஃப். தன் பக்கத்தில் வரிவடிவங்களை இடமிருந்து வலமாக, தோன்றும் வரிசையில் வைக்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்து என்று கூறும் ஓர் அட்டவணை தனியே இருக்கிறது. "மதுரை" என்பதில் ஐகாரக் குறி ரகரத்துக்கு முன்னால் வரையப்படுவதால், செயலி அதைத் திருப்பி வாசிக்கையில் "மதுைர" என்று ஆகிவிடுகிறது. யூனிகோடில் தட்டச்சிட்டு, உயர்ந்த எழுத்துருவைப் பொதிந்து, முறைப்படி உண்டாக்கிய ஆவணத்திலும் இது நேர்கிறது. அந்த ஆவணத்தில் மதுரை என்று தேடுகிறவருக்கு, பக்கத்துக்குப் பத்து முறை அச்சொல் இருந்தாலும், இல்லை என்றே பதில் வரும். பார்வையற்றவருக்காக உரக்க வாசிக்கிற மென்பொருளும் தடுமாறும். வடிவங்களின் கூட்டத்துக்குப் பின்னால் மெய்யான சொல்லையும் எழுதி வைப்பதற்கு இவ்வடிவத்திலேயே இடமுண்டு, பி.டி.எஃப்./ஏ விதியின் 2011-ஆம் ஆண்டுப் பகுதி, உரை முழுவதும் யூனிகோடாக மீட்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று ஒரு தனித் தரத்தையே வகுத்திருக்கிறது. ஆயினும் தமிழ் ஆவணங்களை உண்டாக்கும் மென்பொருள்கள் பல இதை நிறைவேற்றுவதில்லை, கேட்பவரும் இல்லை.

தமிழக அரசு 2010-ஆம் ஆண்டு, கோவையில் செம்மொழி மாநாடு கூடிய அதே ஜூன் மாதத்தில், யூனிகோடைத் தன் அலுவலகங்களுக்குரிய குறியாக்கமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்னரே, 2005 ஏப்ரலில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வழங்கியிருந்தது. ஆகவே எழுத்துரு கிடைக்கவில்லை என்றோ, குறியாக்கம் தீர்மானமாகவில்லை என்றோ இப்போது எவரும் சொல்லுவதற்கில்லை. இனிச் செய்ய வேண்டியது, ஆவணத்தைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் பரீட்சிப்பதுதான். நூலகமோ, பல்கலைக்கழகமோ, வட்டாட்சியர் அலுவலகமோ, அச்சகம் கொடுக்கும் கோப்பைக் கைக்கொள்ளுமுன், தமிழ் எழுத்துரு எதுவும் சேர்க்காத ஒரு கணிப்பொறியில், மிகச் சிறிய செயலி ஒன்றில் அதைத் திறந்து பார்க்கட்டும். பிறகு அதன் முதற்பக்கத்திலிருந்து ஒற்றைக்கொம்பும் ஐகாரமும் வருகிற மூன்று சொற்களைத் தட்டச்சிட்டுத் தேடட்டும். மூன்றும் அகப்படாவிட்டால் கோப்பை அச்சகத்துக்கே திருப்பி அனுப்பலாம்.